எதுவும் தவறவில்லை

பயணம் முடிந்து வீடு திரும்பிய மறுநாள் காலையிலேயே கருத்துப் படிவம் வந்துவிட்டது. அதில்கூடத் தாமதம் இல்லை. வழிகாட்டி எப்படி, தங்குமிடம் எப்படி, சாப்பாடு எப்படி என்று எட்டுக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நட்சத்திரம் வரை போடலாம். கடைசியில், 'குறை ஏதேனும் இருந்தால்' என்று ஒரு கட்டம். எட்டுக் கேள்விக்கும் ஐந்தைந்து நட்சத்திரம் போட்டேன். மனசறிந்துதான் போட்டேன். கடைசிக் கட்டத்தை மட்டும் நான்கு நாளாக நிரப்பாமல் வைத்திருக்கிறேன். அதை நிரப்புவதற்கு முன் அந்த இரண்டு நாளையும் முறையாகப் பாராட்டிவிட வேண்டும். இந்தப் பாராட்டில் ஒரு சொல்லும் மிகையில்லை.

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குப் பாராட்டு. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில், கோதமங்கலத்தைத் தாண்டினால் தட்டேக்காடு. பெரியாற்றின் வடகரை. சுற்றிலும் மலை, நடுவே ரப்பர் தோட்டம், பாக்குத் தோப்பு, ஓட்டு வீடுகள், அவற்றை ஒட்டியே காடு. 1933இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துப் பறவைகளைக் கணக்கெடுக்க வந்த சாலிம் அலி இந்தப் பள்ளத்தாக்கின் பறவை வளத்தைக் கண்டு வியந்தார். சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 1983இல், இது பறவைகள் சரணாலயம் ஆனது. பரப்பு 25 சதுர கிலோமீட்டர்தான். ஒரு பெரிய கிராமத்துக்கும் அதன் வயல்களுக்கும் போதுமான அளவு. அதற்குள் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பறவைகள் பலவற்றைப் பார்த்துவிடலாம்.

சாலிம் அலி காலத்தில் கணக்கெடுப்பு என்றால் துப்பாக்கியும் கூடவே போகும். பறவையைச் சுட்டு, தோலை உரித்துப் பதப்படுத்தி, சீட்டு எழுதிக் கட்டி, அருங்காட்சியகத்துக்கு அனுப்புவார்கள். அன்றைய அறிவியல் அப்படித்தான் நடந்தது. பிப்ரவரி மாதத்து வெள்ளி இரவில் கோவையிலிருந்து வேனில் புறப்பட்ட நாங்கள் பன்னிரண்டு பேர். ஒருவர் கையிலும் துப்பாக்கி இல்லை. எல்லோரிடமும் பைனாகுலர், ஏழு பேரிடம் முழங்கை நீளத்துக்கு லென்ஸ். பறவைமேல் அன்பு இல்லாத ஒருவர்கூட அந்த வேனில் இல்லை.

அடுத்த பாராட்டு நேரத்துக்கு. சனிக்கிழமை விடிகாலை ஐந்துக்குக் கட்டன் சாயா, ஐந்தரைக்குக் காட்டு விளிம்பு, ஆறே காலுக்கு முதல் பறவை. ஆறே கால் என்றால் ஆறே கால்தான். பறவைகளோடு பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சாதனை என்று தெரியும். நான் முப்பது வருடமாகப் பறவை பார்க்கிறவள். ஒரு மரத்தடியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, அட்டை கடித்ததுதான் மிச்சம் என்று திரும்பிய நாட்கள் எனக்கு நிறைய உண்டு. எங்கள் குழுவை நடத்தி வந்த தம்பி அந்த நிச்சயமின்மையை அடியோடு ஒழித்திருந்தார்.

எப்படி என்பதைச் சொல்ல வேண்டும். அது அவருடைய திறமை. மூங்கில் புதரைத் தாண்டி ஒரு வளைவில் எங்களை நிறுத்தினார். "அக்கா, நீங்க முன்னாடி வாங்க. ரெண்டே நிமிஷம், வந்துரும்" என்றார். சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அளவு ப்ளூடூத் ஸ்பீக்கரை எடுத்து ஒரு கிளையில் மாட்டினார். கைபேசியைத் தட்டினார். தீக்காக்கையின் கூவல் கிளம்பியது. தொண்டைக்குள்ளிருந்து வருவதுபோல் சீராக அடுத்தடுத்து ஐந்தாறு குரல், ஒரு இடைவெளி, மறுபடியும். ஒரு நிமிடம் நாற்பது நொடியில் ஆண் பறவை எங்கள் தலைக்கு நேர் மேலே வந்து உட்கார்ந்தது. கரிய தலை, மார்புக் குறுக்கே வெள்ளைக் கோடு, அதற்குக் கீழே குங்குமத்தைக் கரைத்து ஊற்றியது போன்ற வயிறு. வழக்கமாக முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும் பறவை அது. காட்டுக்குள் அதைக் கண்டுபிடிக்கவே கண் நோகும். அன்று அது கிளை கிளையாகத் தாவித் தாவிச் சுற்றியது. முன்பக்கம், பக்கவாட்டு, வால் விரித்தது, வாய் திறந்தது என்று எல்லாக் கோணமும் எல்லோருக்கும் கிடைத்தன.

பிப்ரவரி தொடங்கிவிட்டால் தீக்காக்கைக்கு இனப்பெருக்க காலம். உளுத்துப்போன மரத்தில் அலகால் கொத்திக் கொத்திக் கூட்டுப் பொந்து குடையும். அதற்கே ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அந்த வேலைக்கு நடுவே தன் எல்லைக்குள் வேறொரு ஆண் கூவுவது கேட்டால் அது சும்மா இருக்க முடியாது. இரையை விட்டு, பொந்தை விட்டு, இணையை விட்டு வந்து எதிரியைத் தேடும். எங்கள் தலைக்கு மேல் அது தாவித் தாவிச் சுற்றியதற்குக் காரணம் அதுதான். எதிரி கிளையில் மாட்டியிருந்த ஸ்பீக்கர். அதை எந்தப் பறவையாலும் விரட்ட முடியாது. பதினைந்து நிமிடம் அது அங்கேயே இருந்தது. நாங்கள் கிளம்பும்போதும் கூவிக்கொண்டிருந்தது. தம்பி ஸ்பீக்கரை மறக்காமல் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். காட்டில் ஒரு பொருளையும் விட்டுவிட்டு வரக்கூடாது என்பதில் அவர் மிகக் கண்டிப்பு. ஒரு மிட்டாய்த் தாளைக்கூட விடவில்லை.

புட்டும் கடலையும் சாப்பிட்டுவிட்டு மறைவிடத்துக்குப் போனோம். ஒரு வீட்டுப் பின்கட்டில் பச்சைத் துணிக் கூடாரம், அதில் லென்ஸ் நுழையும் அளவுக்குத் துளைகள், எதிரே பாசி படிந்த கற்களுக்கு நடுவில் ஒரு சிறு நீர்த்தொட்டி. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கட்டை. பார்வைக்குக் காட்டில் தானாக விழுந்து கிடக்கும் மரக்கட்டைதான். நமக்குத் தெரியாத பின்பக்கத்தில் விரல் நுழையும் அளவு குழி குடைந்து, பெட்டியில் வளர்த்த புழுக்களை அதில் நிரப்பியிருக்கிறார்கள். பறவை வந்து அந்தக் கட்டைமேல் நிற்கும், குனியும், நிமிரும். படத்தில் புழுப் பெட்டி தெரியாது. பாசியும் காட்டு வெளிச்சமும் மட்டும் தெரியும். இயற்கையே தோற்றுவிடும் இயற்கை.

அங்கேதான் ஆறுமணிக்குருவியைப் பார்த்தோம். பச்சை முதுகு, நீலத் தோள், வால் அடியில் சிவப்பு. நம் ஊர்க்காரர்களுக்கு இது அறிமுகமான விருந்தாளி. இமயத்தின் அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வரும். ஐப்பசி வாக்கில், இரவெல்லாம் பறந்த களைப்பில், நம் வீட்டு மாடியிலோ பள்ளிக்கூட வராந்தாவிலோ சோர்ந்து கிடப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். விடியும்போதும் அடையும்போதும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். மற்ற நேரமெல்லாம் புதருக்கு அடியில் சருகைப் புரட்டி இரை தேடும். சித்திரை வாக்கில் திரும்பிப் போயாக வேண்டும் என்பதால் சருகைப் புரட்டுவதுதான் அதற்கு வழிச்செலவைச் சேர்க்கிற வேலை.

நாங்கள் இருந்த இரண்டு மணி நேரத்தில் அது ஒரு சருகைக்கூடப் புரட்டவில்லை. கட்டைக்கு வந்தது, புழுவை எடுத்தது, போனது, மறுபடி வந்தது. பதினோரு முறை எண்ணினேன். எங்களுக்கு முன்னால் காலையில் ஒரு குழு இருந்திருக்கிறது, மாலைக்கு இன்னொரு குழு முன்பதிவு செய்திருக்கிறது. ஒரு காட்டுப் பறவைக்கு நேரம் தவறாமல் சாப்பாடு போட்டு, அது எந்தக் கட்டையில், எந்த வெளிச்சத்தில், எந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்றுகூடச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கூடாரத்தில் எடுத்த என் படத்தை நண்பர்கள் எல்லோரும் மெச்சினார்கள். கேட்டவர்களிடம் அது காட்டில் எடுத்த படம் என்றுதான் நானும் சொன்னேன்.

இரவு ஆந்தை. டார்ச் வெளிச்சம் சற்றும் ஆடாமல் அதன் முகத்திலேயே நின்றது. எல்லோரும் எடுத்து முடிக்கும் வரை தம்பியின் கை ஒரு அங்குலம் நகரவில்லை. இருட்டை நம்பி இரை தேடுகிற அந்தப் பறவையும் அதே நேரம் அங்கேயே கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருந்தது. வெளிச்சத்தை அணைத்த பிறகும் அது உடனே பறந்து போனதாகச் சத்தம் கேட்கவில்லை.

பாராட்டின் பெரும்பங்கு ஞாயிறு காலைக்குத்தான்.

உள்ளூர் வழிகாட்டி ஒருவர் கூட வந்தார். ஐம்பது வயது இருக்கும். சிறுவயதிலிருந்து தேனுக்கும் விறகுக்கும் அந்தக் காட்டைச் சுற்றியவர். பன்னிரண்டு ஜோடிக் கண்களும் ஏழு லென்ஸும் காட்டாததை அவருடைய வெறும் கண் காட்டியது. பாதையிலிருந்து பத்தடி தள்ளி, இடுப்புக்குச் சற்று மேலே, ஒரு கிளைமேல் சருகுக் கொத்து ஒன்றைக் காட்டினார். நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம், சருகுதான் தெரிந்தது. பிறகு அந்தச் சருகுக்கு மீசைபோல் சில மயிரும் ஒரு அகன்ற வாய்க்கோடும் தெரிந்தன. இலங்கைத் தவளைவாயன். மலையாளத்தில் மாக்காச்சிக்காடை. இலங்கையையும் மேற்குத் தொடர்ச்சி மலையையும் விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. நம் மைனா அளவுதான் இருக்கும். இந்த மூன்று நான்கு மாதம் இப்படிப்பட்ட கூடுகளைக் காட்டித்தான் அவர் வீட்டில் பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்தக் கண்ணுக்கும் அந்த உழைப்புக்கும் நான் தலைவணங்குகிறேன். அவரிடம் நாங்கள் கேட்டதும், பணம் கொடுத்ததும் கூட்டைக் காட்டத்தான்.

கிளைமேல் இருந்தது ஆண். கீழே கூடு. தன் மென்தூவியையும் மரப்பாசியையும் பட்டையையும் சேர்த்து, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு மெத்தை செய்து, அதன்மேல் ஒரே ஒரு முட்டை. ஒரு ஈட்டுக்கு ஒன்றுதான். பகல் முழுவதும் ஆண் அடைகாக்கும். அதற்குத் தாக்கும் நகம் இல்லை, வேகம் இல்லை, விஷம் இல்லை. அசையாமல் இருப்பது ஒன்றே அதன் காவல். ஆபத்து அருகில் வந்தால் தலையை மெல்ல மெல்ல உயர்த்தி, அலகை வானத்துக்கு நீட்டி, ஒடிந்த கிளை போல் ஆகிவிடும். குஞ்சு வளர்ந்து பறந்ததும் ஆண் பறவை தன் கூட்டைத் தானே பிய்த்துக் கலைத்துவிடும். அந்த இடத்தில் ஒரு குடும்பம் இருந்ததற்கு அடையாளம் வைக்காது.

தம்பியின் ஒழுங்கை அங்கே பார்க்க வேண்டும். யாரும் பேசவில்லை, யாரும் முண்டவில்லை. ஆளுக்கு இரண்டு நிமிடம். கோயிலில் சிறப்பு தரிசன வரிசை போல ஒவ்வொருவராகப் போய், மண்டியிட்டு, படம் எடுத்துவிட்டுப் பின்னால் வந்தோம். குறுக்கே ஒரு இலைக்கொத்து மறைத்தது. வேறொருவராக இருந்தால் ஒடித்திருப்பார். தம்பி பையிலிருந்து நூல் எடுத்து, அதை ஒதுக்கிக் கட்டினார். ஒரு இலைகூட உதிரவில்லை. எல்லோரும் எடுத்து முடித்ததும் நூலை அவிழ்த்துவிட்டார். இலை பழையபடி வந்து மறைத்துக்கொண்டது. இடையில் இருபத்தைந்து நிமிடம், அந்த இலை எதற்காக அங்கே இருந்ததோ அந்த வேலையைச் செய்யவில்லை. காலை வெயில் நேராக அதன் முகத்தில் விழுந்தது. படத்துக்கு அது மிக நல்ல வெளிச்சம். பறவை மட்டும் கடைசிவரை அசையவே இல்லை.

"என்ன ஒரு பொறுமை பாருங்க" என்றார் எங்களோடு வந்த ஒரு பெரியவர், கண் கலங்க. உண்மையிலேயே நெகிழ்ந்துபோயிருந்தார். நானும்தான்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்ற சொல்லுக்குச் சொல்லும் பொருள் விரிவானது. கொல்வதும் பிடிப்பதும் மட்டும் வேட்டை ஆகாது, காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் வேட்டைதான் என்கிறது. நாங்கள் கூட்டைத் தொடவில்லை. பத்தடியில் நின்றோம், குரல் எழுப்பவில்லை, குப்பை போடவில்லை. பன்னிரண்டு பேர், இருபத்தைந்து நிமிடம். எங்களுக்குப் பின்னால் பாதையில் அடுத்த குழு அமைதியாகக் காத்திருந்தது. அவர்களும் நல்லவர்கள்.

அதியமானுக்காகத் தூது போன ஔவை, தொண்டைமானின் ஆயுதச் சாலையைப் பார்த்துச் சொன்ன பாராட்டைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். மயிற்பீலி சூட்டி, நெய் பூசி, காவலுக்குள் பளபளவென்று வைத்திருக்கிறாய், எங்கள் வேலெல்லாம் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்றாள். அவள் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். தொண்டைமான் யோசித்துக்கொள்ள வேண்டியதுதான் மிச்சம். நானும் என் படங்களைப் பார்த்தபடி சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்து கணினியில் ஞாயிற்றுக்கிழமைப் படங்களை வரிசையாகத் திறந்தேன். நான் வரிசையில் இரண்டாவது ஆள், பிறகு கடைசியில் இன்னொரு வாய்ப்பும் தந்தார்கள். முதல் படம் 9 மணி 12 நிமிடம். பறவை கிளையோடு கிளையாகப் படிந்திருக்கிறது. கண் மூடியிருக்கிறது. இறகு தளர்ந்து, முட்டையை முழுவதும் மூடியபடி பரந்திருக்கிறது. தூங்கும் தகப்பன். கடைசிப் படம் 9 மணி 35. அலகு செங்குத்தாக வானத்தைப் பார்க்கிறது. இறகெல்லாம் உடலோடு ஒட்டி இறுகி, பறவை பாதியாக மெலிந்து நிற்கிறது. மூடிய இமைக்கிடையில் நூல் அளவு மஞ்சள் தெரிகிறது. லென்ஸ் அவ்வளவு துல்லியம், பெரிதாக்கிப் பார்த்தால் அந்த மஞ்சள் கோட்டில் எங்கள் வரிசையே தெரியும்போல் இருக்கிறது. வயிற்றுக்கடியில், இறகு ஒடுங்கிய இடத்தில், வெயிலில் முட்டையின் ஒரு வெள்ளை விளிம்பு.

அசையவே இல்லை என்று நாங்கள் நினைத்த இருபத்தைந்து நிமிடத்தில் அந்தப் பறவை தன்னிடமிருந்த ஒரே காவலை முழுவதுமாகச் செலவழித்திருக்கிறது. அவ்வளவு மெதுவாகச் செய்ததால் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. நாங்கள் பொறுமை என்று மெச்சியது அதன் பயத்தை.

அந்தத் தம்பியை நான் தனியாகக் குற்றவாளியாக்க மாட்டேன். அவர் பறவைகளை நேசிக்கிறவர், பெயரும் குரலும் பருவமும் விரல் நுனியில் வைத்திருப்பவர். இந்தப் பயணங்களால்தான் அந்த ஊரில் பலர் தங்கள் தோட்டத்து மரங்களை வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர் விற்பது நிச்சயம். ஆளுக்கு 8,500 ரூபாய் கொடுத்து நாங்கள் வாங்கியதும் அதைத்தான். பறவை வரலாம், வராமலும் போகலாம் என்று இருந்தவரை அந்தச் சந்தேகத்தின் செலவை நாம் ஏற்றுக்கொண்டோம். நம் நேரம், நம் ஏமாற்றம், நம் அட்டைக்கடி. நிச்சயம் என்று ஆன நாளிலிருந்து அந்தச் செலவைப் பறவை ஏற்கிறது. பொந்து குடைய வேண்டிய காலைப்பொழுது, சருகு புரட்ட வேண்டிய பகல், இரை பிடிக்க வேண்டிய இரவு, அடைகாக்கும் தூக்கம் எல்லாம் அதன் கணக்கில் கழிகின்றன. நம் பட்டியலில் எண்ணிக்கை ஏறுகிறது.

அடுத்த பிப்ரவரியிலும் அவரோடுதான் போகப்போகிறேன். அதே 8,500 ரூபாய் தருகிறேன். ஸ்பீக்கரை வீட்டில் வைத்துவிட்டு வரட்டும். கூடு இருக்கும் பாதையில் எங்களைக் கூட்டிப் போகாமல் இருக்கட்டும். அந்த உள்ளூர்க்காரருக்கு, கூட்டைக் காட்டுவதற்குக் கொடுத்த பணத்தை, காட்டாமல் இருப்பதற்கும் கொடுப்போம். தீக்காக்கை வராவிட்டால் வராமல் போகட்டும். மூங்கில் புதருக்கு அந்தப் பக்கம் அது இருக்கிறது, தன் வேலையைப் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டு திரும்பி வருவதும் பறவை பார்ப்பதுதான். முப்பது வருடத்தில் எனக்குப் பாதி நாள் அப்படித்தான் போயிருக்கிறது. அந்த நாட்களில் எந்தப் பறவைக்கும் என்னால் ஒரு நிமிடம்கூட நட்டமில்லை.

இன்று அந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்பி, படிவத்தை அனுப்பிவிட்டேன். ஐந்து நட்சத்திரங்களை அப்படியே விட்டுவிட்டேன். கடைசிப் படத்தை மட்டும் கூடவே இணைத்தேன், நேரம் தெரியும்படி. 'குறை ஏதேனும் இருந்தால்' என்ற இடத்தில் இரண்டே சொல் எழுதினேன்: எதுவும் தவறவில்லை.